அளவு மாறா நகல்

இயல்: அறிவியலும் தொழில்நுட்பமும்
பகுதி: உரைநடை

கற்றல் நோக்கங்கள்

• பெரிய தாள்களை நகலெடுக்கும் வருடி, அச்சுப்பொறி ஆகியவை இயங்கும் முறையை அறிதல்.
• வரைபடத்தின் அளவை என்பதன் பொருளை உணர்ந்து, நகலைச் சரிபார்க்கும் திறன் பெறுதல்.
• அறிவியல் செய்திகளைத் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, தம் சொற்களில் எழுதுதல்.

நுழையும்முன்

வீடு கட்டுவோர் கையில் ஒரு வரைபடம் இருக்கும். நிலம் அளப்போர் கையிலும் ஒரு வரைபடம் இருக்கும். அவை பெரும்பாலும் மூலப்படங்கள் அல்ல. மூலத்திலிருந்து எடுக்கப்பட்ட நகல்கள். சுவர் எழுவதும் வேலி அமைவதும் அந்நகலை நம்பித்தான். பெரிய தாள்களை நகலெடுக்கும் அகன்ற வருடிகளும் அச்சுப்பொறிகளும் எவ்வாறு இயங்குகின்றன? நகல் பிழைபட்டால் என்ன நேரும்? இப்பாடம் இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுகின்றது.

பெரிய தாள் எதற்கு?

மாணவர் நாள்தோறும் பயன்படுத்தும் ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். நீளம் 297 மில்லிமீட்டர். கடிதம் எழுதவும் பாடக்குறிப்பு எடுக்கவும் அது போதும். ஆனால் 60 மீட்டர் நீளமுள்ள ஒரு பள்ளிக் கட்டடத்தை வரைய வேண்டுமாயின் அது போதாது. கட்டடக்கலை வல்லுநர் பெரும்பாலும் 1:100 என்னும் அளவையைக் கையாள்வர். தாளில் 1 சென்டிமீட்டர் இருந்தால் தரையில் 1 மீட்டர் என்பது அதன் பொருள். அவ்வளவையில் 60 மீட்டர் கட்டடத்திற்கு 60 சென்டிமீட்டர் இடம் தேவை. அதே படத்தை ஏ4 தாளுக்குள் சுருக்கினால், 23 சென்டிமீட்டர் கனமுள்ள சுவர் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கோடாகிவிடும். கதவு, சாளரம், மின்கம்பி, குழாய் ஆகியவற்றின் குறியீடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மறையும்.

எனவே பொறியாளர் ஏ0, ஏ1 போன்ற பெரிய தாள்களை நாடுவர். ஏ0 தாளின் அகலம் 841 மில்லிமீட்டர். நீளம் 1,189 மில்லிமீட்டர். அதன் பரப்பு 1 சதுர மீட்டர். அதனை நடுவே மடித்து வெட்டினால் ஏ1. மீண்டும் வெட்டினால் ஏ2. இவ்வாறு நான்கு முறை வெட்டக் கிடைப்பதே ஏ4. ஆகவே ஓர் ஏ0 தாளில் 16 ஏ4 தாள்கள் அடங்கும். எத்தனை முறை வெட்டினும் அகலத்திற்கும் நீளத்திற்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. இதனால் ஒரு படத்தை ஓர் அளவுத் தாளிலிருந்து மற்றோர் அளவுத் தாளுக்கு மாற்றும்போது ஓரங்கள் வெட்டுப்படுவதில்லை.

பரங்கிமலையில் தொடங்கிய அளவீடு

பெரிய தாளில் வரையப்படும் படங்களுள் நிலவரைபடம் தலையாயது. இந்திய நில அளவைத் துறை 1767ஆம் ஆண்டு தோன்றியது. அதன் தலைமையகம் இன்று டேராடூனில் உள்ளது. இந்தியாவை முக்கோணங்களாகப் பகுத்து அளக்கும் பெரும்பணிக்கான அடிக்கோடு, 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் அளக்கத் தொடங்கப்பட்டது. வில்லியம் லாம்டன் என்பவர் அப்பணிக்குத் தலைமை தாங்கினார். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்நெடுங்கோட்டை எஃகுச் சங்கிலி கொண்டு அளந்தனர். அதனை முடிக்கப் பல வாரங்கள் ஆயின.

கோணங்களை அளக்க அவர்கள் பயன்படுத்திய தியோடலைட் என்னும் கருவி ஏறத்தாழ அரை டன் எடை கொண்டது. 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அதனை ஏற்றியபோது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. லாம்டன் மனம் தளரவில்லை. வளைந்துபோன வட்டத்தகட்டை ஆறு வாரங்கள் முயன்று தாமே செப்பனிட்டார். அவருக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியை இமயமலை அடிவாரம் வரை கொண்டுசென்றார்.

அத்தகைய அளவீடுகளின் மேல் எழுந்தவையே பிற்கால நிலவரைபடங்கள். 1:50,000 என்னும் அளவையில் அமைந்த நிலவரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். ஒரு தாள் 15 நிமிட அட்சரேகை அளவுள்ள பகுதியைக் காட்டும். தெற்கு வடக்காக அது ஏறத்தாழ 27.7 கிலோமீட்டர். எனவே படத்தின் உயரம் ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் ஆகின்றது. அதில் 1 மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால், தரையில் 50 மீட்டர் பிழை நேரும். பலர் வெயிலிலும் மழையிலும் நடந்து அளந்த உழைப்பு, நகலெடுப்பவர் கையில் ஒரு நொடியில் வீணாகவும் கூடும்.

நீலநகலிலிருந்து வரைவி வரை

தொடக்கத்தில் வரைபடங்களைக் கையாலேயே படியெடுத்தனர். 1842ஆம் ஆண்டு ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் புதிய முறையொன்றைக் கண்டறிந்தார். இரண்டு இரும்பு உப்புகளைத் தாளில் பூசி, அதன்மேல் ஒளி ஊடுருவும் தாளில் வரைந்த படத்தை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். ஒளி பட்ட இடம், நீரில் கழுவியதும் நீலமாகும். கோடுகள் மறைத்த இடம் வெண்மையாக நிற்கும். இந்நீலநகலே ஆங்கில வழக்கில் ப்ளூபிரிண்ட் எனப்பட்டது. எந்தத் திட்டத்தையும் ப்ளூபிரிண்ட் என்று கூறும் வழக்கம் இதிலிருந்து பிறந்ததே.

இம்முறையில் ஒரு குறை இருந்தது. நீரில் நனைந்து உலர்ந்த தாள் சுருங்கிற்று. அதனுடன் படமும் சுருங்கிற்று. பின்னர் நீரின்றி, அம்மோனியா ஆவியினால் படத்தை வெளிக்கொணரும் டயாசோ முறை பரவியது. படப்பிரதி எடுக்கும் கடைகளில் நெடுங்காலம் மூக்கைத் துளைத்தது அந்த அம்மோனியாவின் நெடியே. டயாசோ நகல் வெயிலில் கிடந்தால் நிறம் மங்கும்.

கணினி வந்தபின் எழுதுகோலைத் தானே நகர்த்தி வரையும் வரைவிகள் தோன்றின. 1959ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த கால்காம்ப் 565 என்னும் வரைவி அவற்றுள் முற்பட்ட ஒன்றாகும். உருளைமேல் சுற்றிய தாள் முன்னும் பின்னும் நகர, எழுதுகோல் இடமும் வலமும் நகர்ந்து கோடு வரைந்தது. இன்று மைத்துளிகளைத் தெளிக்கும் அச்சுப்பொறிகள் அதன் இடத்தைப் பிடித்துள்ளன. ஆயினும் பொறியியல் அலுவலகங்களில் அகன்ற அச்சுப்பொறியைப் பிளாட்டர் என்றே இன்றும் அழைக்கின்றனர்.

வருடி பார்க்கும் முறை

தாளில் உள்ள படத்தைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் கருவி வருடி. மக்கள் வழக்கில் அது ஸ்கேனர். அகன்ற வருடி ஒரு முழுத் தாளை ஒரே பார்வையில் காண்பதில்லை. தாளின் குறுக்கே மெல்லிய ஒளிக்கீற்று விழும். ஒளி உணரும் நுண்ணிய கூறுகள் வரிசையாக நின்று, அந்த ஒரு கீற்றில் எங்கே கறுப்பு, எங்கே வெள்ளை, எங்கே வண்ணம் எனப் பதிவு செய்யும். உருளைகள் தாளைச் சிறிது நகர்த்தும். அடுத்த கீற்று பதிவாகும். இவ்வாறு ஆயிரக்கணக்கான கீற்றுகள் அடுத்தடுத்துச் சேர்ந்து முழுப்படம் ஆகின்றது. நெசவுத் தறியில் ஊடை இழைகள் ஒன்றையடுத்து ஒன்று சேர்ந்து சேலையாவதை இதற்கு ஒப்பிடலாம்.

இவ்வமைப்பிலிருந்து ஓர் உண்மை விளங்கும். படத்தின் அகலத்தை உணர்வுக் கூறுகளின் வரிசை முடிவு செய்கின்றது. நீளத்தை உருளைகளின் நகர்வு முடிவு செய்கின்றது. உருளையில் தாள் சற்றே வழுக்கினால் நீளம் மட்டும் மாறும், அகலம் மாறாது. அப்போது வட்டமாக வரைந்த கிணறு, நகலில் நீள்வட்டமாகும். கண்ணுக்கு இது எளிதில் புலப்படாது. ஆகவே வருடியை இயக்குவோர், அளவு முன்னரே தெரிந்த கட்டங்கள் கொண்ட சோதனைத் தாளை அவ்வப்போது செலுத்தி, கிடைத்த படத்தை அளந்து பார்த்துக் கருவியைச் சீர்செய்வர்.

அகன்ற வருடிகள் பெரும்பாலும் இருவகைப்படும். சி.சி.டி. வகையில், ஆடிகளும் வில்லைகளும் பிம்பத்தைச் சுருக்கிச் சிறிய உணர்விகளில் விழச் செய்யும். ஒரே உணர்வியால் முழு அகலத்தையும் காண இயலாமையின் பல ஒளிப்படக் கருவிகளை அடுத்தடுத்து அமைத்து, அவற்றின் படங்களை மென்பொருளால் ஒட்டுவர். சி.ஐ.எஸ். வகையில், உணர்விகள் தாளை ஒட்டியே நீள வரிசையாக அமையும். இது விலை குறைந்தது, கச்சிதமானது. ஆனால் மடிப்போ சுருக்கமோ காரணமாகத் தாள் சிறிது மேலெழுந்தாலும் அவ்விடம் மங்கலாகப் பதியும். மடிந்தும் சுருங்கியும் கிடக்கும் பழந்தாள்களுக்குச் சி.சி.டி. வகை ஏற்றது.

நைந்த தாளை உருளைகளுக்கிடையே நேரே செலுத்தினால் அது கிழியக்கூடும். அத்தாளை ஒளி ஊடுருவும் நெகிழி உறைக்குள் வைத்துச் செலுத்துவர். உறையும் தாங்காத தாளாயின், அதனை நகர்த்தாமல் மேசைமேல் விரித்து மேலிருந்து படமெடுப்பர். நகல் எடுப்பதற்காக மூலத்தை இழப்பது அறிவுடைமை ஆகாது.

எத்தனை புள்ளிகள் வேண்டும்?

வருடி படத்தைப் புள்ளிகளாகப் பிரிக்கின்றது. அப்புள்ளியின் பெயர் படப்புள்ளி. ஓர் அங்குலத்தில் எத்தனை படப்புள்ளிகள் உள்ளன என்பதே தெளிவுத்திறன். 1 அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் கணக்கில் ஓர் ஏ0 தாளை வருடினால், அகலத்தில் 9,933 புள்ளிகளும் நீளத்தில் 14,043 புள்ளிகளும் கிடைக்கும். மொத்தம் ஏறத்தாழ 13.9 கோடி. ஒவ்வொரு புள்ளியின் வண்ணத்தையும் குறிக்க 3 பைட்டுகள் தேவை. எனவே சுருக்கப்படாத ஒரு தாளின் கோப்பு ஏறத்தாழ 42 கோடி பைட்டுகள் கொண்டதாக இருக்கும். தெளிவுத்திறனை 600 ஆக இரட்டித்தால் கோப்பு இருமடங்கு ஆவதில்லை; நான்கு மடங்கு ஆகின்றது. அகலமும் நீளமும் தனித்தனியே இரட்டிப்பதே அதற்குக் காரணம்.

300 என்னும் எண் எங்கிருந்து வந்தது? நல்ல பார்வையுடையவர் கண், ஏறத்தாழ ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு கோண அளவு விலகியிருக்கும் இரு புள்ளிகளை வேறு வேறாகக் காணும். 30 சென்டிமீட்டர் தொலைவில் அது 0.09 மில்லிமீட்டருக்குச் சமம். ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 290 புள்ளிகள். கையில் வைத்துப் படிக்கும் தாளுக்கு 300 புள்ளிகள் போதும் என்பது இதனால்தான். 10 மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும்போதோ 3 மில்லிமீட்டருக்கும் நெருங்கிய புள்ளிகளைக் கண் பிரித்தறியாது. எனவே சாலையோர விளம்பரப் பலகைகளைக் குறைந்த தெளிவுத்திறனில் அச்சிட்டாலும் அவை தெளிவாகத் தோன்றும். அருகில் சென்றால் புள்ளிகள் தனித்தனியே தெரியும். வரைபடத்திற்கு இந்தச் சலுகை இல்லை. அதனை மேசைமேல் விரித்து, குனிந்து, அளவுகோல் வைத்துப் படிப்பர்.

அச்சுப்பொறி வரையும் முறை

அகன்ற அச்சுப்பொறியில் தாள் பெரும்பாலும் சுருளாக இருக்கும். 24, 36, 44 அங்குல அகலச் சுருள்கள் பெருவழக்கில் உள்ளன. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளைத் தாங்கிய தலைப்பகுதி, தாளின் குறுக்கே சென்று கண்ணுக்குத் தெரியாத மைத்துளிகளைத் தெளிக்கும். ஒவ்வொரு குறுக்கோட்டத்திற்குப் பின்னும் தாள் சிறிது முன்னேறும். முன்னேற்றம் கூடினால் இரு பட்டைகளுக்கிடையே வெண்கோடு தோன்றும். குறைந்தால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கருங்கோடு தோன்றும். தாளின் கனமும் வழுவழுப்பும் மாறும்போது இந்நகர்வும் மாறுவதால், புதுவகைத் தாளை ஏற்றும்போது பொறியைச் சீர்செய்தல் வேண்டும்.

மையும் இருவகைப்படும். சாய மை நீர்மத்தில் முழுதும் கரைந்தது, வண்ணம் பளிச்சிடும், ஆனால் ஒளியில் விரைந்து மங்கும். நிறமி மை நுண்துகள்களால் ஆனது. ஒளியையும் ஈரத்தையும் கூடுதலாகத் தாங்கும். ஆண்டுக்கணக்கில் காக்க வேண்டிய ஆவணங்களுக்கு நிறமி மையே ஏற்றது.

தாளும் கவனத்திற்குரியது. ஈரக்காற்றில் தாள் விரியும். வறண்ட காற்றில் சுருங்கும். மழைக்காலத்தில் அச்சிட்ட வரைபடத்தைக் கோடையில் அளந்தால் சிறு வேறுபாடு காணப்படலாம். துல்லியம் மிக வேண்டிய படங்களைப் பாலியெஸ்டர் படலத்தில் அச்சிடுவது இதனால்தான்.

அளவை பிறழ்ந்தால்

அச்சிடும் மென்பொருளில் தாளுக்குப் பொருத்துக என்றொரு கட்டளை உண்டு. கடிதத்திற்கு அது உதவும். வரைபடத்திற்கு அது கேடு விளைவிக்கும். 1:100 அளவையில் அமைந்த வீட்டுப்படத்தைக் கருதுக. 12 மீட்டர் சுவர் அதில் 120 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஓரம் விடுவதற்காக மென்பொருள் படத்தை 97 விழுக்காடாகச் சுருக்கினால், அக்கோடு 116.4 மில்லிமீட்டர் ஆகின்றது. அளவுகோல் வைத்து அதனைப் படிப்பவர் 11.64 மீட்டர் என்று கொள்வார். சுவர் 36 சென்டிமீட்டர் குறையும். தாளின் தோற்றத்தில் எக்குறையும் தெரியாது.

இவ்விடரைத் தவிர்க்கும் எளிய வழி ஒன்றை நிலவரைபடம் வரைவோர் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். அளவையை எண்ணால் எழுதுவதோடு, கோட்டாலும் காட்டுவர். படத்தின் அடியில் 0, 1, 2, 3 கிலோமீட்டர் எனக் குறித்த ஒரு கோடு இருக்கும். படத்தை இருபுறமும் பாதியாகச் சுருக்கினால், 1:50,000 என்று அச்சிட்ட எழுத்து மாறுவதில்லை. ஆனால் அது பொய்யாகிவிடும், ஏனெனில் படத்தின் உண்மையான அளவை 1:1,00,000 ஆகியிருக்கும். கோடோ படத்தோடு சேர்ந்து தானும் பாதியாகும். ஆகவே அது எப்போதும் மெய்யே கூறும். நீட்டியும் சுருக்கியும் நகலெடுக்கும் காலத்தில் அக்கோட்டை வெட்டிவிடாமல் காப்பது இன்றியமையாதது.

பொறியாளரிடையே மற்றொரு வழக்கமும் உண்டு. சுவரின் நீளத்தைக் கோட்டின் அருகில் எண்ணால் எழுதியிருப்பர். அளவுகோல் காட்டும் நீளமும் எழுதிய எண்ணும் முரண்பட்டால், எழுதிய எண்ணையே கொள்ள வேண்டும். தாள் விரியலாம், சுருங்கலாம்; எண் விரியாது, சுருங்காது என்பது அவர்தம் நம்பிக்கை.

எண்ணே மாறிய நகல்

அந்நம்பிக்கையையும் அசைத்த நிகழ்வொன்று 2013ஆம் ஆண்டு ஜெர்மனியில் நேர்ந்தது. கட்டட வரைபடம் ஒன்றை அலுவலகப் பொறியொன்றில் வருடினர். மூலப்படத்தில் மூன்று அறைகளின் பரப்புகள் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் எனக் குறிக்கப்பட்டிருந்தன. வருடிய படத்திலோ மூன்று அறைகளிலும் 14.13 என்றே இருந்தது. எழுத்து மங்கவில்லை, சிதையவில்லை, தெளிவாகவே இருந்தது. பெரிய அறைக்கும் சிறிய அறைக்கும் ஒரே பரப்பா என்னும் ஐயம் எழுந்ததால் பிழை வெளிப்பட்டது. டேவிட் கிரீசல் என்னும் கணினி அறிவியலாளர் இதனை ஆராய்ந்து உலகறியச் செய்தார்.

காரணம் கோப்பைச் சுருக்கும் முறையில் இருந்தது. ஒன்றுபோல் தோன்றும் பகுதிகளைக் கண்டால், அம்முறை ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதனையே ஒட்டிவிடும். இடம் மிச்சமாகும். ஆனால் சிறிய எழுத்தில் ஓர் எண்ணை மற்றோர் எண்ணாக அது மயங்கிக் கொண்டது. பின்னர் அப்பொறியை ஆக்கியோர் திருத்திய மென்பொருளை வெளியிட்டனர். அது பெரிய தாளுக்கான பொறி அன்று. ஆயினும் அது கற்பித்த பாடம் எல்லா வருடிகளுக்கும் உரியது. மங்கிய நகல் தன் குறையைத் தானே காட்டும். தெளிவான நகல் தன் பிழையை மறைக்கும்.

இதனால் ஆவணக் காப்பகங்கள், எந்தப் புள்ளியையும் இழக்காத டிஃப் போன்ற வடிவில் முதற்கோப்பைச் சேமிக்கின்றன. மின்னஞ்சலில் அனுப்பவும் திரையில் காணவும் ஜேபெக் போன்ற சுருக்கிய வடிவில் வேறொரு கோப்பை ஆக்கிக்கொள்கின்றன. வருடி முடித்ததும், பயிற்சி பெற்ற ஒருவர் மூலத்தையும் நகலையும் அருகருகே வைத்து ஒப்பிடுகின்றார். எத்துணை விலையுயர்ந்த கருவியும் இந்த இறுதிப் பணியை மனிதரிடமிருந்து முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொலைவிலிருந்து நம்புதல்

தமிழ்நாட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு புலப்படம் உண்டு. நிலத்தின் எல்லைக் கோடுகளும் அவற்றின் நீளங்களும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். இன்று அதனை இணையவழியாகப் பெற முடிகின்றது. தில்லியிலோ மும்பையிலோ பணிபுரியும் ஒருவர், ஊரில் உள்ள தம் பாட்டனாரின் நிலத்தைத் திரையில் காணவும் தாளில் அச்சிடவும் இயலும். வரப்பில் நடந்து பார்க்க இயலாதவருக்கு அந்நகலே நிலமாகின்றது. உடன்பிறந்தாரிடையே பாகம் பிரிக்கும் பேச்சும் அதனை வைத்தே நடக்கும்.

அவ்வாறு அச்சிட்ட தாளை அளவுகோலால் அளந்து முடிவுக்கு வருதல் தவறு. அது ஏ4 தாளுக்குச் சுருக்கப்பட்டிருக்கலாம். எல்லைக் கோட்டருகே எழுதிய எண்ணைப் படித்தல் வேண்டும். எண்ணில் ஐயம் தோன்றினால் மூல ஆவணத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். பெரிய வருடியும் பெரிய அச்சுப்பொறியும் தாளின் பருமையால் மட்டும் மதிப்புப் பெறுவதில்லை. முன்னோர் அளந்த அளவு, தொலைவில் வாழும் பேரப்பிள்ளைகள் கைக்கும் மாறாமல் வந்து சேர்தலே அவற்றின் பயன்.

தெரிந்து தெளிவோம்

நகலைச் சரிபார்க்க நான்கு கேள்விகள்:
1. அளவைக் கோடு நகலில் உள்ளதா?
2. அக்கோட்டை அளந்தால், எழுதிய அளவையோடு பொருந்துகின்றதா?
3. நீளமும் அகலமும் ஒரே விகிதத்தில் உள்ளனவா?
4. எழுதிய எண்கள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் உள்ளனவா?

சொல்லும் பொருளும்

அளவை – தரைத் தூரத்திற்கும் தாள் தூரத்திற்கும் உள்ள விகிதம்
வருடி – தாளில் உள்ள படத்தைக் கணினியில் பதியும் கருவி
வரைவி – கணினியின் ஆணைப்படி கோடு வரையும் கருவி
ஊடை – துணியில் குறுக்காக ஓடும் இழை
நைந்த – இற்றுப்போன
புலப்படம் – ஒரு புல எண்ணுக்குரிய நில அளவைப் படம்
பாகம் – பங்கு

இலக்கணக் குறிப்பு

மாறா நகல் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
நீட்டியும் சுருக்கியும் – எண்ணும்மை
வரைபடம் – வினைத்தொகை
வெண்கோடு, கருங்கோடு – பண்புத்தொகைகள்

பகுபத உறுப்பிலக்கணம்

அளந்தனர் = அள + த்(ந்) + த் + அன் + அர்
அள – பகுதி. த் – சந்தி, ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஓர் ஏ0 தாளில் அடங்கும் ஏ4 தாள்களின் எண்ணிக்கை
அ) 4  ஆ) 8  இ) 16  ஈ) 32

2. 1:50,000 அளவையில் 1 மில்லிமீட்டர் குறிக்கும் தரைத் தூரம்
அ) 5 மீட்டர்  ஆ) 50 மீட்டர்  இ) 500 மீட்டர்  ஈ) 5 கிலோமீட்டர்

3. பொருந்தாத இணையைத் தேர்க.
அ) நீலநகல் – ஜான் ஹெர்ஷல்  ஆ) பரங்கிமலை அடிக்கோடு – லாம்டன்  இ) டயாசோ – அம்மோனியா ஆவி  ஈ) சாய மை – ஒளியில் மங்காதது

குறுவினா

1. வருடியின் உருளையில் தாள் வழுக்கினால் வட்டம் என்னவாகும்? ஏன்?
2. நைந்த தாளை எவ்வாறு வருடுவர்?
3. விளம்பரப் பலகைக்குக் குறைந்த தெளிவுத்திறன் போதுமாதல் எவ்வாறு?

சிறுவினா

1. நகல் சுருங்கினும் அளவைக் கோடு மெய்யே கூறும் என்பதை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. சாய மை, நிறமி மை ஆகியவற்றை ஒப்பிட்டு எழுதுக.

நெடுவினா

"மங்கிய நகல் தன் குறையைத் தானே காட்டும், தெளிவான நகல் தன் பிழையை மறைக்கும்." 2013ஆம் ஆண்டு நிகழ்வைக் கொண்டு இக்கருத்தை விளக்குக.

கணக்கிட்டு அறிக

1:200 அளவையில் வரைந்த படத்தில் ஓர் அறையின் நீளம் 45 மில்லிமீட்டர். அறையின் உண்மை நீளம் யாது? அப்படத்தை 90 விழுக்காடாகச் சுருக்கி அச்சிட்டால், அளவுகோல் வைத்துப் படிப்பவர் எத்தனை சென்டிமீட்டர் பிழைபடுவார்?

செயல்பாடு

1. ஓர் ஏ4 தாளில் 10 சென்டிமீட்டர் கோடு ஒன்றை நீளவாட்டிலும் மற்றொன்றை அகலவாட்டிலும் வரைக. அத்தாளை நகலெடுத்து இரு கோடுகளையும் அளக்க. அந்நகலிலிருந்து மீண்டும் ஒரு நகல் எடுத்து அளக்க. ஐந்து நகல்கள் வரை இவ்வாறு செய்து, கண்ட வேறுபாட்டை அட்டவணைப்படுத்துக.
2. வகுப்பறையை அளந்து 1:50 அளவையில் வரைக. அளவைக் கோட்டையும் சேர்க்க.
3. உங்கள் குடும்பத்தினரின் சொந்த ஊர் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து, வீடு, கோயில், குளம், வயல் ஆகியவை அமைந்துள்ள திசைகளைக் காட்டும் படம் ஒன்றை வரைக. அளவின்றி வரைந்த படமாயின், அதனைப் படத்தின் அடியில் குறிப்பிடுக.